வாசித்த பிள்ளையிடம் கணக்குக் கேட்காதீர்கள்

ஒக்டோபர் வந்தால் எங்கள் பாடசாலைகளில் வாசிப்பு மாதம். வாசலில் பதாகை கட்டுவோம். ‘வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும்’ என்று அதில் எழுதியிருக்கும். காலைப் பிரார்த்தனையில் ஒரு பிள்ளை அதே வசனத்தோடு பேச்சைத் தொடங்கும். கட்டுரைப் போட்டி, கவிதைப் போட்டி, புத்தகக் கண்காட்சி, கடைசியில் பரிசளிப்பு. இவை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வருடத்தில் ஒரு மாதமாவது எல்லாருடைய கண்ணும் நூலகத்தின் பக்கம் திரும்புவது, வன்னியில் ஒரு பாடசாலை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் அந்தப் பரிசளிப்பில் ‘அதிக நூல்களை வாசித்த மாணவர்’ என்று ஒரு பரிசு இருக்கிறது. அதை நினைத்தாலே எனக்கு மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை.

அதிகம் வாசித்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? வாசிப்புக் குறிப்பேட்டை வைத்து. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், கதைச் சுருக்கம், அப்புறம் கடைசியாக ‘இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது’. ஒவ்வொரு புத்தகத்துக்கும் இந்த ஐந்தையும் நிரப்ப வேண்டும். நான் அந்தக் கொப்பிகளைப் பொறுமையாக இருந்து பார்ப்பவள். கதைச் சுருக்கம் பெரும்பாலும் பின்னட்டையில் இருப்பது, சொல் மாறாமல். கற்றுக்கொண்டது என்ற இடத்தில் ‘உண்மை பேச வேண்டும்’, ‘பெரியோரை மதிக்க வேண்டும்’, ‘ஒற்றுமையாக வாழ வேண்டும்’. தவளையைப் பற்றிய புத்தகத்துக்கும் இதுதான், கப்பல் கதைக்கும் இதுதான். பிள்ளைகளில் பிழை இல்லை. பெரியவர்கள் என்ன பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். அதைத் தந்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பதும் தெரியும்.

போன முறை பரிசு வாங்கிய பிள்ளை நல்ல பிள்ளை, வாசிக்கவும் செய்கிற பிள்ளை. அவளுக்குக் கை தட்டியபோது, மண்டபத்தின் பின்வரிசையில் இருந்த ஒரு பையனைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய குறிப்பேட்டில் பெயரும் தரமும் மட்டும்தான் இருந்தன. அதற்காக வகுப்பில் ஏச்சும் வாங்கியிருந்தான். என் கணக்கில் அந்தப் பாடசாலையின் நல்ல வாசகர்களில் அவனும் ஒருவன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஜாம் போத்தல் விளக்கு

தொண்ணூறுகளில் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய் பொன் மாதிரி இருந்த காலம். கொப்பியின் மட்டையில்கூட எழுதினோம். கடையில் சீனி சுற்றி வந்த தாளை அம்மா எறியமாட்டா, நான் வாசிக்கும் வரைக்கும் வைத்திருப்பா. பாதிச் செய்தி, பாதி விளம்பரம், எங்கோ ஒரு தொடர்கதையின் நடுப்பகுதி. 1995இல் வலிகாமத்தில் இருந்து சனம் இடம்பெயர்ந்து வந்தபோது எங்கள் வளவில் வந்திருந்த ஒரு ஐயா, சைக்கிள் கரியரில் உரப்பை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். அரிசி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பையை அவிழ்த்தால் புத்தகங்கள். சட்டி பானையை விட்டுவிட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்ததற்கு அவருடைய மனைவி மாதக்கணக்கில் பேசினா. அவர் வாயே திறக்கவில்லை.

அந்த உரப்பைதான் என் முதல் நூலகம். முன்னட்டை இல்லாதவை, கடைசிப் பக்கம் இல்லாதவை, மழையில் நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டவை. என் வயதுக்கு ஏற்றதா இல்லையா என்று ஐயா பார்த்ததில்லை. ஒன்றை எடுத்துத் தருவார், திருப்பிக் கொடுத்தால் இன்னொன்று. முடிவு கிழிந்துபோன கதைகளுக்கு நானே முடிவு வைத்துக்கொண்டு படுப்பேன். பாதியில் விட்டதும் உண்டு, விளங்காமல் வரி வரியாகக் கடந்து போனதும் உண்டு. “வாசிச்சிட்டியோ, என்ன விளங்கினது?” என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. “காணும் பிள்ளை, எண்ணெய் முடியப் போகுது, விளக்கை நூர்” என்று மட்டும் அம்மா சொல்லுவா. 1996இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன் பக்கம் போனபோது அந்தக் குடும்பம் வேறு திசையில் போய்விட்டது. அவரை நான் பிறகு காணவில்லை.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் நிறைய வாசித்தோம், இன்றைய பிள்ளைகள் போனைத்தான் பார்க்கிறார்கள் என்று கூட்டங்களில் பேசுவார்கள். நான் அதைச் சொல்வதில்லை. எங்களுக்கு மின்சாரம் இல்லை, படம் இல்லை, வெளியுலகம் இல்லை. புத்தகம் தவிர வேறு எதுவும் இருக்கவில்லை. அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? இன்று ஒரு பிள்ளை, கையில் போன் இருந்தும், புத்தகத்தை எடுக்கிறது என்றால் அது நாங்கள் செய்ததைவிடப் பெரிய காரியம். எடுத்ததற்குத் தண்டனை மாதிரி ஒரு படிவத்தை நீட்டினால் அது ஏன் திரும்ப வரப்போகிறது?

2009 பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எல்லாருக்கும் தெரியும். மீளக் குடியேறி வந்தபோது வளவுக்குள் மண்ணோடு மண்ணாக ஊறிக் கிடந்த பாடப்புத்தகங்களைப் பார்த்தவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நூலகம் என்று பேச்செடுத்தால் எங்கள் பேச்சு 1981க்குப் போய்விடுகிறது. யாழ்ப்பாணத்தில் எரிந்த அந்தத் தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்களை நாங்கள் மறக்கக்கூடாது, மறக்கவும் மாட்டோம். ஆனால் இப்போது சாதாரண தரம் எழுதும் பிள்ளைகள் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு எரியாமல் நிற்கிற ஒரு நூலகம் வேண்டும், அது பாடவேளையில் திறந்திருக்கவும் வேண்டும்.

திறப்பு

நூலகப் பொறுப்பை ஏற்றபோது எனக்குத் தந்தது ஒரு பெரிய பதிவேடும் ஒரு கொத்துத் திறப்பும். புத்தகங்கள் கண்ணாடி போட்ட அலுமாரிகளுக்குள் பூட்டி இருந்தன. முன்பு இருந்தவரில் பிழை சொல்லமாட்டேன். வருடக் கடைசியில் பொருட் கணக்கெடுப்பு வரும். பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் புத்தகத்தைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பொறுப்பானவர் பதில் சொல்ல வேண்டும், சில வேளை காசும் கட்ட வேண்டும். சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒரு ஆசிரியர் வேறு என்ன செய்வார்? பூட்டித்தான் வைப்பார். அதோடு, எத்தனையோ தரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய சனம் நாங்கள். கைக்குக் கிடைத்ததைப் பூட்டி வைக்கிற பழக்கம் எங்கள் உடம்பிலேயே இருக்கிறது.

நூலகத்துறைப் பயிற்சியில் எஸ். ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளைப் பாடமாக்கியிருந்தோம். சீர்காழியில் பிறந்தவர், கணிதம் படிப்பித்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். 1931இல் அவர் எழுதி வைத்த முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கானவை என்பது. இதைப் போய் ஒரு விதியாக எழுத வேண்டுமா என்று பரீட்சைக்குப் படித்தபோது நினைத்தேன். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் றாக்கையோடு கட்டி வைத்திருந்ததை அவர் அந்த இடத்தில் சொல்கிறார். அந்தத் திறப்புக் கொத்தைக் கையில் வாங்கியபோதுதான் ஏன் அதை முதல் விதியாக வைத்தார் என்று எனக்கு உறைத்தது. அலுமாரிகளைத் திறந்துவிட்டேன். ஒவ்வொரு வருடமும் சில புத்தகங்கள் திரும்பி வருவதில்லை. அதிபரிடம் போய்ச் சொல்வேன், எழுத்தில் கொடுப்பேன், சிலதுக்குக் காசு கட்டியும் இருக்கிறேன். ஒரு வீட்டில் ஒரு புத்தகம் இருக்கிறது என்றுதான் அதை எடுத்துக்கொள்கிறேன். பல வீடுகளில் பாடப்புத்தகம் தவிர அது ஒன்றுதான் இருக்கும்.

வாசிப்பில் ஆர்வத்தை வளர்ப்பது எப்படி என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை அனுப்புவார்கள். நாற்பது நிமிடம். மாரி காலத்தில் தகரக் கூரையில் மழை கொட்டினால் தொண்டை கிழியக் கத்த வேண்டும், அப்போது பிள்ளைகள் தாங்களாகவே கதிரைகளை இழுத்துக்கொண்டு கிட்ட வருவார்கள். நான் வாசிப்பேன், நடிக்கமாட்டேன், நடுவில் நிறுத்திச் சொற்களுக்குப் பொருள் கேட்கமாட்டேன். மணி அடித்தால் எந்த இடமோ அந்த இடத்தில் மூடிவிடுவேன். “பிறகு என்ன ரீச்சர்?” என்று வரும். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போவேன். மறுநாள் அது மேசையில் இருக்காது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளும் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள், தரம் ஒன்பதிலும் இருக்கிறார்கள். காதால் கேட்ட கதையைக் கண்ணால் தேடிப் பிடிப்பது அவர்களுக்குச் சுலபம். அடுத்து என்ன வரும் என்று பாதி ஏற்கனவே தெரியுமே. இவர்களிடம் கதை முடிந்த கையோடு ‘என்ன கற்றுக்கொண்டாய்’ என்று ஒரு தாளைக் கொடுத்தால், எது தங்களால் முடியாதோ அதையே மறுபடி காட்டச் சொல்கிறோம்.

598

நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாக இலக்கம் போட்டு அடுக்கும் முறைதான் டூவி பகுப்பு. அதில் பறவைகளுக்கு 598. அந்த இலக்கத்தில் எங்களிடம் இருப்பது பழைய படப்புத்தகம் ஒன்று. முதுகு கழன்று, நான் இரண்டு தரம் பசை போட்டது. முன்பு சொன்ன பையன் எடுத்துப்போவது அதைத்தான். தகப்பனுக்கு இரணைமடுப் பக்கம் வயல், குளத்தில் மீனும் பிடிப்பார். காலபோக அறுப்பு என்றால் பையன் பாடசாலைக்கு வரமாட்டான். வந்தால் நூலகத்துக்கு வருவான், நேரே அந்த றாக்கைக்குப் போவான், அந்தப் புத்தகம் இரவல் போயிருந்தால் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவான். கதைப்புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினால் மரியாதைக்கு வாங்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவான். இரவல் அட்டையில் அவன் பெயர் வரிசையாக இருந்தது. எழுத்துத் திருத்தம் இல்லை, வாசிப்பு மந்தம் என்று வகுப்பில் அவனைப் பற்றிச் சொன்னார்கள். படம் பார்க்கத்தான் எடுக்கிறான் என்று நானும் எண்ணினேன், அதில் எனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை.

வருடக் கடைசிக் கணக்கெடுப்புக்காக ஒவ்வொரு புத்தகமாகத் தட்டி வைத்துக்கொண்டிருந்தபோது 598ஐத் திறந்தேன். ஓரங்களில் பென்சில் எழுத்து. சின்னதாக, அழுத்தாமல், யாராவது அழிக்கச் சொன்னால் உடனே அழித்துவிடலாம் என்ற மாதிரி. பூநாரையின் படத்துக்குக் கீழே, ‘சுண்டிக்குளத்திலை நிக்கும். மாமாவோடை போய்ப் பாத்தனான்’. நீர்க்காகத்துக்குப் பக்கத்தில், ‘சிறகை விரிச்சுக் காய வைக்கும். எங்கட குளத்துப் பட்ட மரத்திலை எப்பவும் ஒண்டு இருக்கும்’. உண்ணிக்கொக்கு முழுக்க வெள்ளை என்று புத்தகம் சொல்லியிருந்தது. அதற்குக் கீழே கோடு இழுத்து, ‘பிழை. குஞ்சு பொரிக்கிற காலம் தலையும் கழுத்தும் செம்மஞ்சள்’. லகர ளகரம் எல்லாம் மாறித்தான் இருந்தது. கடைசி வெற்றுப் பக்கத்தில் ‘இதிலை இல்லாதவை’ என்று தலைப்புப் போட்டு ஒரு பட்டியல். முதலாவது புலுனி.

வேலையை விட்டுவிட்டு இருந்து முழுவதையும் வாசித்தேன். ஒரு பக்கம்கூட அவன் வெறும் படமாகப் பார்த்துவிட்டுப் போகவில்லை. சொல்லியிருப்பதை வாசித்து, வயலில் போய்ப் பார்த்து, திரும்பி வந்து புத்தகத்தோடு வாதாடியிருக்கிறான். உண்ணிக்கொக்கை நான் வேறு இடத்திலும் தேடிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. அச்சில் வந்த ஒன்றைப் பிழை என்று சொல்ல எனக்கு எத்தனை வயதில் துணிவு வந்தது என்று யோசித்தேன். பல்கலைக்கழகம் முடித்தவர்களிலும் பலருக்கு அது வருவதில்லை. இந்தப் பையனுடைய வாசிப்புக் குறிப்பேடு வெறுமையாக இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ‘இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது’ என்ற வரிக்குள் அவன் எதை எழுதுவான்? புத்தகத்துக்கு அவன் கற்றுக்கொடுத்ததை எழுத அந்தக் கொப்பியில் இடமே இல்லை.

நூலகப் புத்தகத்தில் எழுதுவது குற்றம். சுவரில் நானே எழுதி ஒட்டிய விதி அது. கணக்கெடுப்புக்கு வந்தவர்களில் ஒருவர் பக்கத்தைப் புரட்டிவிட்டு, அழிறப்பரை எடுங்கோ, பொடியனிட்டைத் தண்டம் அறவிடுங்கோ என்றார். நான் அழிக்கவில்லை. நிலை என்ற இடத்தில் ‘நல்லது’ என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு வெள்ளைத் தாள்கள் சிலதை அளவாக வெட்டி, பின்னட்டைக்கு முன்னால் ஒட்டினேன். பையனிடம் ஒன்றும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. பாராட்டினால் அடுத்த தரம் எனக்காக எழுதுவான். தவணை தொடங்கி அவன் புத்தகத்தை எடுத்தான், பின்பக்கம் போனான், ஒட்டிய தாள்களைத் தடவிப் பார்த்தான், என்னை ஒரு தரம் பார்த்தான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போனான்.

இப்போது அதில் வேறு கையெழுத்துகளும் இருக்கின்றன. ஒரு பிள்ளை தன் வீட்டுக் கிணற்றடிக்கு வரும் செண்பகத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே இன்னொருவர், அது குயில் என்று. அவள் திரும்ப வந்து, கண் சிவப்பு என்றால் செண்பகம்தான் என்று. இன்னும் ஒருவர், குயிலுக்கும் கண் சிவப்பு என்று. மீசை வரைந்தவர்களும் இருக்கிறார்கள், அதை மட்டும் அழிக்கிறேன். பையன் இதனால் பெரிய வாசகனாகிவிட்டான் என்று சொல்லமாட்டேன். தமிழில் புள்ளி கொஞ்சம்தான் ஏறியது. கதைப்புத்தகத்தை இன்றும் தொடுவதில்லை. 598இல் இருந்து பக்கத்தில் இருக்கும் 597க்கு, மீன்களுக்கு, நகர்ந்திருக்கிறான்.

கொப்பி இல்லாவிட்டால்?

பாடசாலையில் தமிழ் படிப்பிக்கும் ஒரு ரீச்சரோடு இதைப் பற்றி நிறையக் கதைத்திருக்கிறேன். என்னைவிட அனுபவம் கூடியவ, பிள்ளைகளில் உண்மையான அக்கறை உள்ளவ. “நீங்கள் சொல்லுறது ஒண்டு ரெண்டு பிள்ளைக்குச் சரி. மிச்சம் முப்பது பேரும் கொப்பி இல்லாட்டி புத்தகத்தைத் தொடவே மாட்டினம். அதோடை, எழுதாமல் எப்பிடி எழுத வரும்?” என்று கேட்டா. எழுத்தைப் பற்றிய கேள்வி நியாயமானது. வாசித்ததைப் பற்றி எழுதப் பழகத்தான் வேண்டும், உயர்தரத்தில் தமிழ் எடுக்கும் பிள்ளைக்கு அது இல்லாமல் முடியாது. அதைத் தமிழ்ப் பாடவேளையில் செய்யலாம், ஒரு தவணைக்கு ஒரு புத்தகம் எடுத்து நன்றாகச் செய்யலாம். பிள்ளை தானாக இரவல் எடுத்துப் போகிற புத்தகத்தில் அதைக் கொண்டுவந்து கட்டாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது. முப்பது பேர் பற்றியும் யோசித்தேன். கொப்பிக்காகப் பின்னட்டையைப் பார்த்து எழுதுகிற பிள்ளை புத்தகத்தைத் தொட்டதாக எனக்குப் படவில்லை. ரீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் போன தவணையில் தன் வகுப்புக் குறிப்பேட்டில் இருந்து ‘கற்றுக்கொண்டது’ என்ற வரியை எடுத்துவிட்டா. விரும்பியவர்கள் விரும்பியதை எழுதலாம் என்று விட்டிருக்கிறா.

பெற்றோரோடு கதைப்பது இதைவிடக் கடினம். “ரீச்சர், இப்ப கதைப் புத்தகம் குடுக்காதேங்கோ, சோதினை முடியட்டும்” என்பார்கள். தரம் ஐந்தில் புலமைப்பரிசில், அது முடிய ரியூசன், பிறகு சாதாரண தரம், பிறகு உயர்தரம். சோதினை முடிகிற நாள் வருவதே இல்லை. அவர்களோடு கோபிக்க எனக்கு மனம் வராது. எல்லாம் போன பிறகு பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் மிச்சம் என்று நம்பி, கூலி வேலைக்குப் போய் ரியூசனுக்குக் காசு கட்டுகிறவர்கள். வினாத்தாளை வேகமாக வாசித்து விளங்குகிற பிள்ளைதான் சோதினையிலும் நன்றாகச் செய்யும் என்று சொல்லிப் பார்ப்பேன். சிலர் கேட்பார்கள். கேட்காதவர்களின் பிள்ளைகள் இடைவேளையில் நூலகத்திலேயே இருந்து வாசித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்காக மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் புத்தகம் வாங்கக் கொஞ்சம் காசு கிடைத்திருக்கிறது. தாள் தட்டுப்பாட்டில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன அந்த 2022க்குப் பிறகு புத்தக விலை இறங்கவே இல்லை, முன்பு வாங்கிய அளவில் பாதிகூட வாங்க முடியாது. ஆகவே என்ன வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்டு, வாசலில் ஒரு பெட்டி வைத்தேன், பெயர் எழுதத் தேவையில்லை என்று சொல்லி. பாம்புகள் பற்றி வேண்டும் என்று நிறையப் பேர். மோட்டார் சைக்கிள் திருத்துவது எப்படி. கேக் அடிப்பது. சிங்களம் கதைக்கப் பழகுவது. கிரிக்கெட். பேய்க்கதை, பேய்க்கதை, பேய்க்கதை. ஒரு துண்டில், எழுத்துப் பிழையோடு, எனக்குப் பழக்கமான பென்சில் எழுத்தில், ‘குளத்து மீன், கலர்ப் படத்தோடை’. பாம்பும் மீனும் மோட்டார் சைக்கிளும் பட்டியலில் ஏறிவிட்டன, சிங்களமும் சேர்ந்துவிட்டது. பேய்க்கதைக்கு மட்டும் அதிபர் சம்மதிக்கவில்லை, பிள்ளைகளுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்கிறார். பயன் எதையும் காட்டத் தேவையில்லை, வாசிப்பார்கள், அது போதும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்பேன்.